கரைக்குரலின் ஆறு நாள் அசதி

இன்னும் இரண்டு நிமிடத்தில் இவர் கேட்டுவிடுவார். கேட்காமல் இருக்கத்தான் பார்க்கிறார், பாவம், நல்ல மனிதர். ஆனால் கண் வாசலுக்குப் போய்ப் போய் வருகிறது. நான் உதவப் போவதில்லை. இந்த இரண்டு நிமிடம் என் சொந்தச் சந்தோஷம். பதினோரு வருடமாக யாருக்கும் இதைக் குறைத்துக் கொடுத்ததில்லை.

இப்படி நினைத்துக்கொண்டு சேதுலட்சுமி லாட்ஜ் அறையின் பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எதிரே கட்டில் விளிம்பில் முத்துகிருஷ்ணன். ‘சந்தடி’ என்ற சமூக வலைத்தளத்தின் தென்மண்டல மேலாளர். காலையில்தான் சென்னையிலிருந்து இராமேஸ்வரத்தில் வந்து இறங்கியிருந்தார். காலுறைக்குள் மணல் புகுந்திருக்க வேண்டும். ஒரு காலால் மறு காலைத் தேய்த்தபடியே இருந்தார்.

“சார் எப்ப வருவாரு மேடம்?” என்றார் கடைசியில்.

“எந்த சார்?”

“எஸ்.எல். புலனாய்வு... அந்த எஸ்.எல். சார்.”

ஜன்னலருகே நின்று கோயிலுக்குப் போகும் கூட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த காலிதா திரும்பினாள். “அவரு வெளியூரு போயிருக்காரு சார். பதினோரு வருசம் ஆச்சு.”

முத்துகிருஷ்ணனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் காது வரை சிவந்து, மூன்று முறை மன்னிப்புக் கேட்டார். சேதுலட்சுமி பரவாயில்லை என்று கையசைத்தாள். போர்டிலும் கடிதத்தாளிலும் வெறும் இரண்டு எழுத்தைப் போட்டது அவள்தான். ‘அன்புள்ள ஐயா’ என்று ஆரம்பிக்கும் கடிதங்களில் விவரம் ஒழுங்காக இருக்கும். ‘அம்மா’ என்று ஆரம்பிப்பவற்றில் முதல் பத்தி முழுக்க அறிவுரை இருக்கும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவளுடைய உதவியாளர் காலிதாவுக்குத் தெரியும். காலிதாவிடம் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

“விசயத்துக்கு வாங்க சார்.”

விஷயத்துக்கு வந்தார். சந்தடியில் இந்தக் கரைக்காரர்களும் நிறைய எழுதுகிறார்கள். எங்கே காற்று பலமாக இருக்கிறது, எந்தக் கரையில் என்ன மீன் ஏறியது, எங்கே கடல் கலங்கியிருக்கிறது. தங்கச்சிமடத்துப் பெண் ஹெலன் மூன்று வருடத்துக்கு முன்னால் ‘கரைக்குரல்’ என்று ஒரு செயலி செய்தாள். அது சந்தடியின் பதிவுகளை எடுத்து, காற்றும் அலையும் சம்பந்தப்பட்டதை மட்டும் சலித்து, ஒரு மெஷின் குரலில் படகுக்காரர்களின் போனில் வாசிக்கும். ஈரக் கையோடு போனை நோண்ட வேண்டியதில்லை. இலவசம். ஆயிரத்து நூறு படகுகள் கேட்டுக்கொண்டிருந்தன. வெளி டெவலப்பர்களுக்குச் சந்தடியும் தன் தகவலை இலவசமாகத்தான் கொடுத்துவந்தது, மே மாதம் வரை. ஜூன் முதல் தேதியிலிருந்து கட்டணம்.

“ஏன் சார் திடீர்னு?”

“பெரிய பெரிய கம்பெனிங்க வந்து தங்களோட ஏஐ-க்குத் தீனி போட லாரி லாரியா அள்ளிட்டுப் போனாங்க மேடம். எங்க எழுத்தை வச்சு அவங்க சம்பாதிக்கிறாங்க. அவங்களுக்காகப் போட்ட கட்டணம் அது.”

“ஹெலனும் லாரியா?”

அவர் சங்கடமாகச் சிரித்தார். “ஹெலன் சைக்கிள்தான். கேட்டுல சைக்கிளுக்குத் தனி ரேட்டு போட மறந்துட்டாங்க.”

ஹெலனால் அந்தக் கட்டணத்தை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கரைக்குரல் நின்றது. அவளுக்குக் கொடுத்திருந்த அனுமதிச் சாவியையும் கம்பெனி முடக்கியது. மூன்றாம் நாள் கரைக்குரல் மறுபடி பேச ஆரம்பித்தது. பத்து வாரமாகப் பேசிக்கொண்டிருக்கிறது.

“கதவைப் பூட்டியாச்சு. சாமான் மட்டும் போயிட்டே இருக்கு,” என்றார் முத்துகிருஷ்ணன். “ஜன்னல் வழியா ஒரு திருட்டு மெஷினை விட்டிருக்கு அந்தப் பொண்ணு. எங்க விதி ரொம்ப எளிது மேடம். மனுசங்க கண்ணால படிச்சா இலவசம், மெஷின் படிச்சா கட்டணம்.”

பத்து வாரப் பதிவை அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். பெரும்பாலான நாட்களில் சந்தடியில் ஒருவர் எழுதின ஐந்தாறு நிமிடத்தில் அது கரைக்குரலில் வந்துவிடுகிறது. சில நாட்களில் மட்டும் காலை முழுக்க அசதி; மதியம் தாண்டித்தான் சுறுசுறுப்பு. கம்பெனியின் காவலுக்குப் பயந்து மெஷினை அவ்வப்போது தூங்க வைக்கிறார்கள் என்பது இன்ஜினியர்களின் கருத்து.

“திங்கட்கிழமை போலீஸ்ல புகார். அதுக்கு வெளியாள் ஒருத்தரோட அறிக்கை வேணும், ‘மெஷின் பயன்படுத்தப்பட்டது’ன்னு. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள.”

“புகார் குடுத்தா என்னாகும்?”

“லாப்டாப், போன் எல்லாம் எடுத்துட்டுப் போவாங்க. கரைக்குரல் நின்னுரும். அந்தப் பொண்ணு...” அவர் காலுறையைப் பார்த்தார். “சின்ன வயசுதான். கோர்ட்டுக்கு நடக்கணும்.”

*

“மெஷின் தூங்குது, எங்க வீட்டு மிக்ஸி அழுகுது. எல்லாத்துக்கும் உசுரு வந்துருச்சுக்கா,” என்றாள் காலிதா ஸ்கூட்டரில். கீழக்கரைக்காரி. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பேசினாலும் பின்சீட்டுக்குக் கேட்கிற தொண்டை.

ஹெலன் வீட்டு முற்றம் முழுக்க மல்லிகை நாற்றுப் பைகள். அப்பா நாற்று விற்கிறவர். மகள் இருபத்தெட்டு வயது, சோடாபுட்டிக் கண்ணாடி. வந்தவர்கள் யார் என்று தெரிந்ததும் தானே லாப்டாப்பை எடுத்து முன்னால் வைத்தாள்.

“பாத்துக்கங்கக்கா. சந்தடியோட வாசல் மூடிக்கெடக்கு. நான் எந்த ஜன்னல்லயும் ஏறல.”

“பின்ன எப்படிம்மா பேசுது?”

“அதைச் சொல்ல மாட்டேன்.”

“திங்கக்கிழம கேஸு.”

“போடட்டும்க்கா.”

பயம் இல்லாமல் இல்லை. ஆனால் திருடியவர்களின் பயம் சேதுலட்சுமிக்குப் பழக்கம். அது எதிராளியின் கையைப் பார்க்கும், கதவைப் பார்க்கும். இது வேறு மாதிரி. வீட்டில் யாரோ தூங்கிக்கொண்டிருக்கிறார்கள், சத்தம் போட்டுவிடாதீர்கள் என்பதுபோல.

“பழசு ஏதாவது இருக்கா? ஜூனுக்கு முந்தி பேசுனது?”

ஹெலன் தேடி ஒன்றைப் போட்டாள். மெஷின் குரல், உணர்ச்சியே இல்லாமல் அறிவித்தது: “பாம்பன். புயல் மாதிரி காற்று அடிக்கும். இன்று மட்டும். மேற்கூரை மின்விசிறி இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்.”

காலிதா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“பேன் கடை விளம்பரம்க்கா,” என்றாள் ஹெலன், அவளுக்கும் சிரிப்பு. “மெஷினுக்கு ‘புயல்’, ‘காற்று’ ரெண்டும் கண்ணுல பட்டாப் போதும், எடுத்து வாசிச்சிரும். அன்னைக்கு நாப்பது படகு கடலுக்குப் போகல. முதல் வரியைக் கேட்டதுமே வலையை மடிச்சுட்டாங்க.”

“அந்தக் கடைக்காரரு இப்பவும் சந்தடில போடுறாரா?”

“தெனமும் போடுறாரு.”

“கரைக்குரல்ல வருதா?”

ஹெலனின் சிரிப்பு நின்றது. “வரல.”

“மெஷினைத் திருத்திட்டியா?”

“திருந்திருச்சு,” என்றாள் ஹெலன் நாற்றுப் பைகளைப் பார்த்துக்கொண்டு.

*

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடை. சேதுலட்சுமி பத்து வாரத் தாளை மேசையில் விரித்து, அசதி நாட்களைப் பேனாவால் வட்டமிட்டாள்.

“ஞாயித்துக்கிழமையா பாருங்கக்கா. பூசைக்குப் போயிருக்கும்.”

“மெஷினா?”

“திருந்திருச்சுன்னு சொல்லுதே அந்தப் புள்ள. திருந்துனா கோயிலுக்குப் போகாதா?”

ஞாயிறு இல்லை. விசைப்படகுகள் போகும் நாட்களும் இல்லை, நாட்டுப்படகுகள் போகும் நாட்களும் இல்லை. வட்டங்கள் கும்பல் கும்பலாக இருந்தன. ஆறு நாள் அசதி, ஒன்பது நாள் சுறுசுறுப்பு, மறுபடி ஆறு. எங்கேயோ பார்த்த தாளம். டீக்கு மேலே ஊதியபடி நிமிர்ந்தவளின் பார்வை கல்லாவுக்குப் பின்னால் தொங்கிய மாத நாள்காட்டியில் விழுந்தது. ஒரு தேதியில் கறுப்பு வட்டம், ஒரு தேதியில் வெள்ளை வட்டம்.

எழுந்துபோய்த் தாளை நாள்காட்டியோடு ஒட்டிப் பிடித்து, முந்தைய மாதங்களையும் புரட்டினாள். கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “கல்யாணத்துக்கு நாள் பாக்குறீகளா தாயி?”

“ஒரு மெஷினுக்குண்ணே,” என்றாள் காலிதா. பிறகு அவளும் பார்த்தாள். அமாவாசையை ஒட்டி ஆறு நாள். பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. “யா அல்லாஹ். மெஷினு அமாவாசை விரதம் இருக்குதாக்கா?”

“மாசத்துல பன்னெண்டு நாள், காலையில. யாரு அப்படி வேலைக்குப் போறா?”

“எங்க மாமா யாவாரம் அப்படித்தான். பாசி வாங்கி மதுரைக்கு அனுப்புறாரே, அவரு. மாசத்துல பன்னெண்டு நாள்தான் சரக்கு வரும், மிச்ச நாளெல்லாம் எங்க வீட்டுல உக்காந்து எங்க வாப்பாவோட...” காலிதா வாயைத் திறந்தபடியே நிறுத்தினாள்.

கடல்பாசி எடுக்கும் பெண்கள். தீவைச் சுற்றிப் பாறைகளில் முங்கி, கையால் பாசி பறிப்பவர்கள். தினமும் பறித்தால் பாசி வளராது என்று பன்னிரண்டு நாளைத் தாங்களாகவே விதித்துக்கொண்டவர்கள். அரசாங்கம் சொல்லவில்லை, வியாபாரி சொல்லவில்லை. அதை மீறிக் கடலில் இறங்குகிறவளோடு மற்றவர்கள் பேச மாட்டார்கள்.

“டீயைக் குடி. பாம்பனுக்குப் போறோம்.”

*

பாம்பனில் பாசிக்காரப் பெண்கள் நிறைய இருக்கும் சின்னப்பாலத்தில் வீடுகள் நெருக்கமாக, எல்லாக் கதவும் கடலைப் பார்த்தபடி இருந்தன. இன்று பாசி நாள் இல்லை. ஆண்கள் கடலில், தெருவில் கோழிகளும் கருவாடும். எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது?

“தட்ட வேணாம்,” என்றாள் சேதுலட்சுமி. “உனக்குச் சந்தடில கணக்கு இருக்குல்ல? ஒண்ணு எழுது. மெஷினா இருந்தா அப்படியே முழுங்கணும். மனுசியா இருந்தா முழுங்க முடியக்கூடாது.”

காலிதா ஒரு நிமிடம் யோசித்தாள். கட்டை விரல்கள் பறந்தன. காட்டினாள்: ‘பாம்பன் தெற்கு. பயங்கரக் காற்று. படகுகள் ஜாக்கிரதை. எங்கள் வீட்டுக்காரர் துபாயிலிருந்து லீவில் வந்து மத்தியானத் தூக்கத்தில் குறட்டை விடுகிறார். இரண்டு ஓடு பறந்துவிட்டது. மூன்றாவது ஆடுகிறது.’

“உன் வீட்டுக்காரரு படிக்க மாட்டாரா?”

“அவரு நான் எழுதுறதைப் படிச்சிருந்தா எப்பவோ திருந்தியிருப்பாருக்கா.”

போட்டாள். இருவரும் தெருவில் மெதுவாக நடந்தார்கள். கோழி ஒன்று கூடவே வந்தது. மூன்று நிமிடம். நாலு. வலைகள் காயப்போட்டிருந்த ஒரு நீளமான ஓலைக்கொட்டகைக்குள்ளிருந்து முதலில் ஒரு கீச்சுச் சத்தம் வந்தது, பிறகு, “ஏத்தா, இதைக் கேளுங்கடி, எவளோ ஒருத்தி புருசனை என்னமா...” பிறகு கொட்டகையே சிரித்தது. யாருக்கோ புரையேறியது. யாரோ தண்ணீர் கேட்டார்கள்.

காலிதா தன் போனைக் காதில் வைத்தாள். கரைக்குரல் தன் பழைய மெஷின் குரலில் குந்துகால் கரை அலையைப் பற்றி மட்டும் சொல்லி முடித்தது. குறட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சேதுலட்சுமி ஓலைத் தட்டியை விலக்கினாள்.

உள்ளே பாயில் பத்துப் பெண்கள். ஒவ்வொருத்தி மடியிலும் ஒரு போன். விரல்களில் பாறை கீறின வடு. ஒருத்தி விரலில் போன பாசி நாளின் துணிச்சுற்று இன்னும் இருந்தது. சிரிப்பு ஒரே நேரத்தில் அடங்கியது.

“குறட்டைக்காரரு பொஞ்சாதி இவதான்,” என்றாள் சேதுலட்சுமி. “நான் எஸ்.எல்.”

நடுவில் இருந்தவள் எழுந்தாள். ஐம்பது தாண்டிய உடம்பு, ஆனால் எழுந்தது ஒரே அசைவில். ஜெபமாலை என்று பெயர் சொன்னாள். ஹெலனுக்குச் சித்தி முறை. “கம்பெனிக்கார ஆளா?”

“கம்பெனி கூப்பிட்ட ஆளு.”

“ஒக்காருங்க. கண்டாச்சு, இனி ஒளிச்சு என்னத்துக்கு.”

ஜூன் மாதம் ஹெலன் அழுதுகொண்டு இந்தக் கொட்டகைக்குத்தான் வந்திருக்கிறாள், மெஷின் நின்றுவிட்டது என்று. ஜெபமாலை கேட்டிருக்கிறாள்: அப்படி என்ன பண்ணிக்கொண்டிருந்தது அந்த மெஷின்? சந்தடியைப் படிக்கும் சித்தி. படிச்சு? காத்தைப் பத்தி இருந்தா எடுத்துக்கும். எடுத்து? சொல்லும்.

“‘இதுக்காடி மெஷினு’ன்னு கேட்டேன்,” என்றாள் ஜெபமாலை. “நாங்க படிச்சிச் சொன்னா ஆகாதான்னேன். கண்ணால படிச்சா காசு இல்லையாமே. முப்பத்தோரு பேரு, முறை வச்சுக்கிட்டோம். எங்க விரலு போனுக்குப் புடிக்காது, பாறை தேய்ச்சு ரேகை செத்துப்போச்சு. வாயால சொல்லுவோம், அதுவே எழுதிக்கும். ஹெலன் அதைப் பழைய மெஷினு குரலா மாத்தி அனுப்பிரும்.”

“பாசி எடுக்கப் போற நாள்ல?”

“பிள்ளத்தாச்சி ஒருத்தி, முட்டிவலிக்காரி ரெண்டு பேரு. அவளுக மெதுவாத்தான் சொல்லுவாளுக. ஒருத்தி நடுவுல தூங்கிருவா.”

மூலையிலிருந்து ஒருத்தி, “நான் ஒண்ணும் தூங்கல, செபம் சொன்னேன்,” என்றாள்.

காலிதா கேட்டாள்: “பேன் கடை?”

“அந்தாளை ரெண்டாம் நாளே தள்ளிவச்சிட்டோம்.”

சேதுலட்சுமிக்கு மனது லேசானது. எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. இதை அப்படியே எழுதினால் போதும், ஹெலன் தப்பித்தாள். “நல்லதாப் போச்சு. முப்பத்தோரு பேரும் வந்து நாங்கதான் படிக்கிறோம்னு சொல்லிருங்க. கேஸே இல்ல.”

ஜெபமாலை தட்டியைச் சரியாக இழுத்து மூடிவிட்டு வந்தாள்.

“ஏத்தா, உங்களுக்கு வீட்டுக்காரரு இருக்காரா?”

“இருக்காரு. முதுகுளத்தூர்ல வாத்தியாரு.”

“நீங்க சொன்னா கேப்பாரா?”

சேதுலட்சுமி யோசித்தாள். யோசிக்க வேண்டியிருந்ததே பதிலாகிவிட்டது.

“போன வருசம் என் மருமகன்கிட்ட நான் சொன்னேன். யாக்கோபு, கச்சான் காத்து மூர்க்கமா வருது, இன்னைக்கு வேணாம்யான்னேன். மெஷினு ஒண்ணும் சொல்லல, பொம்பள பேச்சைக் கேட்டு வலையை மடிக்கிறதான்னு போனான். படகு கவுந்து மூணு மணி நேரம் கேனைப் புடிச்சு மெதந்தான். சேசு புண்ணியத்துல வந்துட்டான். போன வாரம் அதே காத்து. நான் இந்தா, இந்தப் பாயில ஒக்காந்துதான் சொன்னேன். மெஷினு சொல்லிருச்சுன்னு வலையை மடிச்சு வச்சிட்டுப் படுத்துக்கிட்டான். மீன் கொழம்புல உப்பு கம்மின்னு என்னையே ஏசுனான்.”

“என் வீட்டுல மெஷினுக்கு மரியாதையே தனி,” என்றாள் இன்னொருத்தி. “அது பேசுறப்ப நான் பேசக்கூடாதாம்.”

மறுபடி சிரிப்பு. ஆனால் ஜெபமாலை சிரிக்கவில்லை.

“நாங்கதான்னு தெரிஞ்சுதோ, மறுநா ஒருத்தன் கேக்க மாட்டான். ஆவணிக் காத்து இன்னும் இருக்கு. ஹெலன் ‘உள்ள போனாலும் போறேன், சொல்ல மாட்டேன்’ங்குது. உங்க இஷ்டம்.”

சேதுலட்சுமி தன் கைப்பையின் மேல் இருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பைக்குள் கடிதத்தாள்கள் இருந்தன, தலைப்பில் இரண்டே எழுத்தோடு. தான் மட்டும்தான் இப்படிப் பெண் பெயரை மறைக்கிறோம் என்று அவள் எப்போதும் நினைத்திருந்தாள். அதில் ஒரு வெட்கமும் இருந்தது, ஒரு கர்வமும். இங்கே முப்பத்தோரு பேர் அதையே செய்துவிட்டு, வெட்கமே இல்லாமல் புரையேறச் சிரிக்கிறார்கள். காலிதா அவளைப் பார்த்தாள்.

*

மறுநாள் மாலை, அதே லாட்ஜ் அறை. முத்துகிருஷ்ணன் செருப்பு வாங்கியிருந்தார். கையால் எழுதிய இரண்டு பக்க அறிக்கையை நின்றபடியே படித்தார். உட்கார்ந்து மறுபடியும் படித்தார்.

“மெஷின் இல்லையா?”

“இல்ல சார். மனுசங்க. கண்ணால படிச்சு, வாயால சொல்றாங்க. உங்க விதிப்படி இலவசம்.”

“எப்படி மேடம் உறுதியாச் சொல்றீங்க?”

பேன் கடையைச் சொன்னாள். குறட்டையைச் சொன்னாள். அமாவாசையைச் சொல்லவில்லை. பதினோரு வருடத்தில் அதைவிட அழகான தடயம் அவளுக்குக் கிடைத்ததில்லை. நாக்கு நுனியில் வந்து நின்றது. ஆனால் நிலாவைச் சொன்னால் பாசி தெரிந்துவிடும், பாசி தெரிந்தால் கொட்டகை தெரிந்துவிடும். விழுங்கினாள்.

“இப்பல்லாம் ஏஐ-யே ஜோக்கைப் புரிஞ்சுக்குது மேடம்.”

“புரிஞ்சுக்கும். சிரிச்சுப் புரையேறித் தண்ணி கேக்காது. நான் காதால கேட்டேன், கண்ணால பாத்தேன்.”

“அந்த அசதி நாள்?”

“மனுசங்களுக்கு வேற வேலையும் இருக்கும்ல சார்.”

அவர் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தை மறுபடி புரட்டினார். பிறகு அவர் முகம் மலர்ந்த விதத்தைப் பார்த்து சேதுலட்சுமிக்கு முதல் தடவையாகக் கவலை வந்தது.

“மேடம், இது புகார் கொடுக்கிற விஷயமே இல்ல. இது விளம்பரம்! ‘ஒரு தீவைக் காக்கும் சந்தடி வாசகர்கள்.’ யார் அவங்க? பொண்ணுங்களா? பொண்ணுங்கதானே? போட்டோ எடுப்போம், வீடியோ எடுப்போம். ஹெலனுக்குக் கட்டணமே வேண்டாம்னு நான் தலைமையகத்துல பேசுறேன். பெயர் மட்டும் குடுங்க.”

“அச்சச்சோ,” என்றாள் காலிதா மெதுவாக. “நல்லவரா மாறிட்டாரே. இனி ரொம்பச் சிரமம்.”

“பேரு இல்ல சார்,” என்றாள் சேதுலட்சுமி.

“பேரு இல்லாம தலைமையகம் நம்பாது. நம்பலைன்னா நாளைக்குப் புகார் போயிரும். என் கையில இல்ல.”

“போகட்டும். புகார்ல மெஷின்னு எழுதுவீங்க. நேர்ல பாத்து மெஷின் இல்லைன்னு எழுதுனது உங்க கம்பெனியே வாங்குன அறிக்கை. ஹெலனோட வக்கீல் கூப்பிட்டா நான் கூண்டுல ஏறி இதையே சொல்லுவேன்.”

முத்துகிருஷ்ணன் அறிக்கையை மடித்தார், பிரித்தார். கட்டிலின் விளிம்பில் அவர் தோள் தளர்ந்தது. நாளைக்கு அவர் மேலிடத்தில் வாங்கப்போகும் பேச்சு அவர் முகத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

“புகார் நிக்காது,” என்றார் கடைசியில். “நிறுத்திடச் சொல்றேன்.”

பெட்டியிலிருந்து கம்பெனியின் அச்சடித்த படிவம் ஒன்றை எடுத்தார். விசாரணை முடிந்தது என்பதற்கான படிவம். எல்லாக் கட்டங்களையும் அவரே நிரப்பினார், ஒன்றைத் தவிர. ‘சம்பந்தப்பட்டவர்களின் பெயர்.’ படிவத்தை அவள் பக்கம் திருப்பி, பேனாவையும் நீட்டினார்.

“இதை வெறுமனே விட்டா திருப்பி அனுப்புவாங்க மேடம். வேற ஒண்ணும் வேணாம். ‘தெரியவில்லை’ன்னு ஒரே ஒரு வார்த்தை எழுதி, கீழ கையெழுத்துப் போடுங்க. உங்களுக்கும் நல்லது, அவங்களுக்கும் நல்லது. எனக்கும்.”

அவர் சொன்னது சரிதான். ஒரு வார்த்தை. யாருக்கும் நஷ்டமில்லை. சேதுலட்சுமி பேனாவை வாங்கிக்கொண்டாள். கட்டம் சின்னது, அதில் முப்பத்தோரு பெயர் நிச்சயம் கொள்ளாது. கொட்டகையில் ஒவ்வொருத்தியும் தன் பெயரைச் சொல்லியிருந்தாள், யாரும் கேட்காமலே, ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக. முறைக்கு வராதவர்களின் பெயரையும் சொன்னார்கள். அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது.

கீழே கையெழுத்துப் போட்டாள். இரண்டு எழுத்து இல்லை, முழுப் பெயர். பேனாவை மூடிப் படிவத்தின் மேல் வைத்து, அவர் பக்கம் நகர்த்தினாள். கட்டம் காலியாக இருந்தது.

“மேடம், அந்த ஒரு வார்த்தை...”

“தெரியும் சார்,” என்றாள் சேதுலட்சுமி. “எழுத மாட்டேன்.”